கச்சானா, வாடையா? ராமநாதபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வர

போன ஆடி மாதம் மானாமதுரையிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். நானும் வீட்டுக்காரரும், அத்தை, நாத்தனார், இரண்டு பிள்ளைகள். குருசடைத் தீவுக்குப் படகில் போக வேண்டும், சாயங்காலம் தனுஷ்கோடியில் நிற்க வேண்டும், இதுதான் திட்டம். படகு கண்டிப்பாக ஓடும் என்று போனில் சொன்ன ஒருவர் முன்பணமும் வாங்கியிருந்தார். பாம்பன் தாண்டி குந்துகால் போய் இறங்கினால் கடல் பொங்கிக்கொண்டு கிடந்தது, படகு எதுவும் ஓடவில்லை. இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தோம். பிறகு ராமேஸ்வரத்துக் கூட்டத்தில் மாட்டி, தனுஷ்கோடி போகும் வழியிலுள்ள சோதனைச் சாவடிக்கு வரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். சின்னவன் வண்டியில் அழுதுகொண்டே தூங்கிப்போனான். முன்பணமும் திரும்பி வரவில்லை.

குந்துகாலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அன்றைக்குச் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. "கச்சான் எடுத்திருச்சு தாயி. இப்ப தெக்க எறங்க முடியாது. வடக்க போயிருந்தா கடல் குளம் மாதிரி கெடக்கும்" என்றார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இது தெரியாமல் ஊர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பியதுதான் எங்கள் தவறு. அதன்பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டோம், மூன்றும் நன்றாக அமைந்தன. புதிதாகப் போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதி குறிக்கும் முன் காற்றைப் பாருங்கள்

வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான் காற்று. அப்போது தென்கடலில், அதாவது பாம்பனுக்குத் தெற்கே, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் அலை பெரிதாக இருக்கும். அந்த மாதங்களில் வடகடல் பக்கம் போங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று. அப்போது வடகடல் கலங்கும், தென்கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் அதுவே மழைக்காலமும் புயல் காலமும் என்பதால் அந்த மூன்று மாதங்களில் படகை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

தை பின்பாதியிலிருந்து பங்குனி வரை இரண்டு கடலும் அமைதியாக இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி, மார்ச் மாதங்களைத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "மீனவர்களுக்கான எச்சரிக்கை" என்ற பகுதியைப் படியுங்கள். மழை வருமா என்பதைவிட அதுதான் முக்கியம். "மன்னார் வளைகுடா பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று" என்று இருந்தால் தென்கடல் படகை அன்றைக்கு மறந்துவிடுங்கள். ராமநாதபுரத்தில் வெயில் பளிச்சென்று அடித்தாலும் அப்படித்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

2. இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டிலும் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று இடத்திலும் தர்ப்பணக் கூட்டம் நிரம்பி வழியும். நீங்களும் தர்ப்பணத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் சரி. பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்கள் வேண்டாம். மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராமேஸ்வரம் முழுக்க நிற்கும். மார்கழித் திருவாதிரையில் உத்தரகோசமங்கையில் மரகத நடராஜரின் சந்தனக் காப்பைக் களைந்து தரிசனம் தருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அருமையான காட்சி, ஆனால் அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். கடலோடு சேர்க்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சுற்றுலாப் படகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மீன் வரத்து குறையும், விலை ஏறும். மீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

3. எடுத்துப்போக வேண்டிய தாள்கள்

பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, அசலாக. தீவுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் படகு ஏறும் இடத்தில் பெயர், ஊர், போன் எண் எழுதி வாங்குவார்கள். இது எல்லைக் கடற்கரை, கடலோரக் காவல் போலீசார் வழியில் கேட்டாலும் காட்ட வேண்டும்.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் சிக்னல் இருக்கும் இடத்திலேயே முன்கூட்டித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகை வண்டியா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை போட்ட தனியார் காரைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச்சாவடி இருக்கிறது.

டிரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பயணம் காவல் நிலையத்தில்தான் முடியும்.

4. வடகடல் நாள்: காரங்காடும் தேவிபட்டினமும்

கச்சான் காலத்தில் போகிறவர்களுக்கு இதுதான் வழி. என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எந்தக் காலத்திலும் இதுவே முதல் தேர்வு.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டி, தொண்டிக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பினால் காரங்காடு. மீனவ கிராமம். ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு வனத்துறை இங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகு ஓட்டுவதும் வழி சொல்வதும் உள்ளூர்க்காரர்களே. அலையாத்தி மரங்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடும் கழியில் படகு போய், கடைசியில் கடல் திறக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கரையோரச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போல ஆயிரக்கணக்கான குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அவை மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. பெரியவளுக்குப் பாடப் புத்தகத்தில் படித்தும் புரியாத இந்த விஷயம் இங்கே ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பறவைகள் இருக்கும், வெயில் இருக்காது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வந்திருக்காது. பத்து மணிக்கு மேல் போனால் முதல் படகு கிடைக்கவே வெகுநேரம் காத்திருக்க நேரும். துடுப்புப் படகும் இருக்கிறது, நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் அது. உயிர்காப்பு உடை எல்லோருக்கும் தருவார்கள். சின்னவர்களுக்குப் பொருந்துகிற அளவு கிடைக்கும்வரை படகில் ஏறாதீர்கள். பெரிய உடையை மாட்டிவிட்டால் தண்ணீரில் விழும்போது குழந்தை கீழே நழுவிவிடும். "அடுத்த படகில் வருகிறோம் தம்பி" என்று சொல்லிக் காத்திருந்தோம், யாரும் முகம் சுளிக்கவில்லை.

மீன், நண்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். திடீரென்று போய்க் கேட்டால் இருக்காது.

திரும்பும் வழியில் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல்தூண்கள் நிற்கும் நவபாஷாணம். நடைமேடையில் நடந்துபோய்ப் பார்க்கலாம். எங்கள் அத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், மீன் சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிட வரமாட்டேன் என்று. உங்கள் வீட்டிலும் இப்படிப் பெரியவர்கள் இருந்தால் வரிசையை மாற்றுங்கள். விடிகாலையில் தேவிபட்டினம், பிறகு காரங்காடு, அதற்குப் பிறகு சாப்பாடு. இரண்டும் ஒரே சாலையில்தான் என்பதால் தூரம் கூடாது. தேவிபட்டினத்தில் கடலில் இறங்குகிறவர்கள் மாற்றுத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால், கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருடமாக இருந்தால், மாலையில் சக்கரக்கோட்டைப் பறவைகள் சரணாலயத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ராமநாதபுரம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் கடல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், ஆழம் குறைந்த தண்ணீர். கச்சான் காலத்தில் நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று வீசுவதால் அலையே இருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: அப்படிப்பட்ட காற்றில் காற்றடைத்த மிதவை, டியூப் எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

5. தென்கடல் நாள்: பாம்பன், குருசடை

பாம்பன் வரைக்கும் வரும் எல்லோரும் செய்கிற தவறு, சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது. பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. பாலம் ஏறும் முன்போ இறங்கிய பின்போ நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. வண்டி ஓட்டுபவர் மட்டும் சாலைப் பாலத்தில் வரட்டும், மற்றவர்கள் மண்டபத்தில் பயணிகள் ரயில் ஏறிக் கடலைக் கடக்கட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறும். கப்பல் எப்போது வரும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது, ஆனால் ரயிலில் கடப்பதை உறுதியாகத் திட்டமிடலாம். சாதாரணப் பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய்தான். முன்பதிவில்லா டிக்கெட்டைக் கைப்பேசியில் எடுக்கலாம். நேரத்தை முதல்நாள் இரவே சரிபாருங்கள், அந்த வண்டிகள் நாளுக்குச் சிலதான்.

குருசடை, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்க முடியாது. "நாலு தீவில் இறக்கிக் காட்டுகிறேன்" என்று வெளியாள் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதியில்லாமல் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும், அபராதம் உங்கள் தலையில்தான். வனத்துறை நடத்தும் படகில் மட்டும் ஏறுங்கள், டிக்கெட்டைக் கையில் வாங்குங்கள். போகிற நாள் காலையில் வனத்துறைப் படகுக் குழுவிடமே போனில் பேசி "இன்றைக்கு ஓடுகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இடையில் நிற்கும் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் இழந்தது அப்படித்தான்.

பாம்பன்வரை போக நேரமில்லாதவர்களுக்கு ஏர்வாடிக்கு அருகில் பிச்சைமூப்பன்வலசை இருக்கிறது. படகில் போய்க் கடல் நடுவே மணல் திட்டில் இறங்கி நடக்கலாம். அதுவும் தென்கடல்தான், கச்சானில் ஓடாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கீழக்கரையில் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப் பால் சுண்டக் காய்ச்சிக் கிண்டிய பண்டம், நாலைந்து நாள் கெடாது.

6. தனுஷ்கோடி: மதியம் இரண்டரைக்குள்

எல்லோரும் சூரிய அஸ்தமனத்தை மனதில் வைத்து நாலரைக்குக் கிளம்புகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இருப்பவர்களையும் இருட்டும் முன் வெளியே அனுப்பிவிடுவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டர்தான், ஆனால் விடுமுறை நாளில் அந்த முனையில் வண்டி திருப்புவதற்கே அரை மணி நேரம் போகும். ராமேஸ்வரத்தை மதியம் இரண்டரைக்கு விட்டுவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

ராமேஸ்வரம் தாண்டினால் பெட்ரோல் பங்க் இல்லை, பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. நம்பிப் போகக்கூடிய கழிப்பறையும் இல்லை, பெண்களும் வயதானவர்களும் இருக்கும் குடும்பம் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலேயே எல்லோரும் போய்வந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, அத்தை மாதிரிப் பெரியவர்களுக்குக் குடை. வெறுங்காலோடு பிள்ளைகளை மணலில் இறக்காதீர்கள், மதியத்தில் கொப்பளித்துவிடும்.

போனில் ரோமிங்கை அணைத்து வையுங்கள். தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான், இலங்கைக் கோபுரத்தின் சிக்னல் பிடித்துக்கொள்ளும்.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்று உள்ளூரில் சொல்வார்கள். வடக்கே அசையாமல் கிடக்கும், தெற்கே சீறும். இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் மிகக் கடுமை. முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். பிள்ளைகள் கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். அமைதியாகத் தெரியும் பக்கத்திலும் அப்படித்தான்.

ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போனால், கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பூநாரைகள் கூட்டமாக நிற்கும். சாலையிலிருந்தே பாருங்கள், கிட்டப் போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

திரும்பும்போது நேரம் மிச்சமிருந்தால் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தத்தில் பத்து நிமிடம். கடலுக்குள் பாலம் மாதிரி நடைபாதை போட்டு, முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், கிணற்றில் மட்டும் குடிக்கிற தண்ணீர். பிள்ளைகளை இரண்டையும் ருசி பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் சின்னவன் இன்றைக்கும் தனுஷ்கோடியைவிட அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறான்.

7. கரையில் கிடப்பதைப் பையில் போடாதீர்கள்

இதில் பல குடும்பங்கள் தெரியாமல் மாட்டுகின்றன. வெள்ளையாகக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டைப் பிள்ளை எடுத்துப் பையில் போடும், நாமும் விட்டுவிடுவோம். செத்துப்போன பவளமாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றுக்கும் இதேதான். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள், "இங்கே எல்லோரும் வாங்குகிறார்கள்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கிளம்பும் முன் பிள்ளைகளின் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பனையோலைப் பெட்டியும் கருப்பட்டியும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் வாங்குங்கள், மூன்றும் இந்த மண்ணின் பொருட்கள்.

8. பணக் கணக்கு

மானாமதுரையிலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்ப, சுற்றல் எல்லாம் சேர்த்து 300 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் வண்டிக்கு இருபது லிட்டர் பெட்ரோல், 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும். வடகடல் நாள் என்றால் இதைவிடக் குறைவுதான். ஆறு பேரின் மதியச் சாப்பாட்டுக்கு 1,500, படகுக்கு 2,500 என்று ஒதுக்கி வைத்தோம், படகுப் பணத்தில் மீந்தது. கட்டணம் அவ்வப்போது மாறும், ஏறும் இடத்தில் பலகையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சுங்கம், வண்டி நிறுத்தம், இளநீர், நுங்கு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இதில் 2,000 ரூபாயை நூறு, ஐம்பது, பத்து நோட்டுகளாகக் கையில் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். பதநீர் விற்கும் அம்மாவிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் சில்லறைக்கு எங்கே போவார்?

9. படகு ஓடாவிட்டால்

அனுமதி இருந்தும், முன்கூட்டிப் பேசியிருந்தும், காற்று மாறினால் படகை நிறுத்திவிடுவார்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர்களுக்குக் கடல் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் அடுத்த கடலுக்கு வண்டியைத் திருப்புங்கள். குந்துகாலில் நின்றுவிட்டால் அங்கேயே விவேகானந்தர் நினைவு இல்லம் இருக்கிறது, 1897 ஜனவரியில் அவர் வந்து இறங்கிய இடம். அதைப் பார்த்துவிட்டு வடகரைக்கு வந்து வில்லூண்டி, பிறகு நேரத்தோடு தனுஷ்கோடி. வேலை நாளாக இருந்தால் மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்கும் போகலாம், போன் செய்து கேட்டுவிட்டு. ஏர்வாடிப் பக்கம் நின்றுவிட்டால் திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் ஏறி, தேவிபட்டினம் சாலையைப் பிடியுங்கள். மதியம் ஒரு மணிக்குள் காரங்காட்டில் இருக்கலாம்.